முட்டியக்காவும் மண் தடத்துப் பிள்ளைகளும்

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டைத் தாண்டிப் போனால், தாழ்வாரத்தின் கடைசியில், அழுக்குத் துணி மூட்டைகளைப் போட்டு வைக்கும் அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் உடற்பயிற்சி அறை இருந்தது. சன்னல் உண்டு. ஆனால் ஜெனரேட்டர் புகைக்குப் பயந்து அதைச் சாத்தியே வைத்திருப்பார்கள். பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு இரும்புக் கம்பிகள், ரெக்ஸின் கிழிந்த ஒரு கட்டில், மணல் பைகள், மூலையில் எவ்வளவு மிதித்தாலும் நகராத ஒரு சைக்கிள். அந்த அறையில்தான் அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிறருடைய முழங்கால்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் என்பது அவள் வேலையின் பெயர். அது நோயாளிகள் வாயில் நுழையவில்லை. எப்போதோ ஒரு பெரியவர் வார்டில் படுத்துக்கொண்டு, "அந்த முட்டியக்கா வந்தாச்சா, இல்ல நான் நிம்மதியா சாப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர்வரை எல்லோருக்கும் அவள் முட்டியக்காதான். முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அவளே தொலைபேசியில், "முட்டியக்கா பேசறேன்" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போதுதான் சொந்தப் பெயர் ஞாபகம் வரும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் இளவட்டங்கள். பைக்கிலிருந்து விழுந்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் பந்தயம் விடுவார்கள். திங்கட்கிழமை காலையில் இரண்டு பேராவது வார்டில் புதிதாகப் படுத்திருப்பார்கள். ஆபரேஷன் முடிந்து கம்பி வைத்து, தையல் பிரித்து அவள் கைக்கு வரும்போது கால் கட்டையாக நிற்கும். மடக்க மடக்கக் கத்துவார்கள், அம்மாவைக் கூப்பிடுவார்கள், சிலர் அவளுடைய அம்மாவையும் இழுப்பார்கள். அவள் எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்ளாமல், "ம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும்.

அப்படி மாதக்கணக்கில் மடக்கி, நடக்க வைத்து, கடைசியில் படியும் ஏற வைத்து அனுப்பிய ஒருவன், ஒரு திங்கட்கிழமை மறுபடி சக்கர நாற்காலியில் வந்து இறங்கினான்.

"நீயாடா?"

"நான்தான்க்கா. போன தடவை வலது. இது இடது."

அவன் ஒரு பார்சல் கம்பெனியில் டெலிவரி வேலை பார்த்தவன். எப்போதும் வாயிலிருந்து புகை வந்துகொண்டே இருந்ததால் கூட்டாளிகள் 'புகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். போன தடவை காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தபோதும் பக்கத்துக் கட்டில்காரனைக் கெஞ்சி சிகரெட் பற்றவைத்து, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அவனைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. வரவில்லை. நோயாளி படுக்க வேண்டிய கட்டிலில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். கை இரண்டும் மடியில் கிடந்தன, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று அவன்தான் கேட்டான்.

இத்தனைக்கும் அவள் சும்மா இருந்தவள் இல்லை. ஆஸ்பத்திரி சார்பில் கல்லூரி கல்லூரியாகப் போய் மேடையேறிப் பேசியிருக்கிறாள். சிகரெட் வேண்டாம், குடி வேண்டாம், நேரத்துக்குத் தூங்குங்கள், சாலையில் பந்தயம் விடாதீர்கள் என்று. பையன்கள் நன்றாகக் கை தட்டுவார்கள். கூட்டம் முடிந்து அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அதே பையன்கள் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து போவார்கள். போகிற போக்கில், "வரோம் மேடம்!" என்று மரியாதையாக ஒரு குரல் வேறு.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தம்பியின் ஒர்க்ஷாப்புக்குப் போனாள். தம்பி பைக் மெக்கானிக். இளவயதில் மண் தடப் பந்தயங்களில் ஓட்டியவன். தோள்பட்டை இறங்கிய பிறகு நிறுத்திவிட்டான். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே அவள் புலம்பலை முழுக்கக் கேட்டான்.

"ஓட்டாதேன்னா எவன்க்கா கேப்பான்? நானே கேக்கல. அப்பா பெல்ட்டால அடிச்சாரு, அப்பவும் கேக்கல."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே? வரவன் காலையெல்லாம் மடக்கிக்கிட்டே கெடக்கவா?"

"ஓட்டறதுக்கு ஒரு எடம் குடு. பஸ்ஸு லாரி இல்லாத எடம். மண்ணுல விழுந்தா சிராய்ப்போட போகும். அதுவும் இல்லாம, மண்ணுல ஓட்டறதுக்கு உடம்பு வேணும்க்கா. தண்ணியடிச்சவனால ரெண்டு ரவுண்டு தாண்ட முடியாது."

அவள் அதையே யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊரின் ஓரத்தில் மூடிப்போன ஒரு செங்கல் சூளை இருந்தது. மண் எடுத்த பள்ளங்களும் எடுக்காமல் விட்ட மேடுகளுமாக அந்த நிலம் எதற்கும் உதவாமல் கிடந்தது. சூளைக்காரர், "குப்பை கொட்டாம இருந்தாச் சரி. எவனாவது செத்தா மட்டும் எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லி விட்டுவிட்டார். தம்பி பள்ளத்தையும் மேட்டையும் இணைத்துத் தடம் போட்டான். வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கினார்கள். டயர்களை உருட்டியது பெரும்பாலும் அவள்தான். தம்பிக்குத்தான் தோள்பட்டை ஆகாதே.

தம்பி ஒர்க்ஷாப்பில் மண்ணுக்கென்று மாற்றிக் கொடுத்த பைக்குகளோடு அங்கே ஒரு கிளப் தொடங்கியது. அதன் சட்டம் அவளுடையது. ஞாயிறு காலையில் வருகிறவன் முதலில் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பிறகு உட்கார்ந்து எழ வேண்டும். அதற்கப்புறம் அவள் நாடியைப் பிடித்துப் பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள். முந்தின நாள் குடித்தவன், தூங்காதவன், வெறும் வயிற்றோடு வந்தவன் யாருக்கும் பைக் கிடையாது. வேடிக்கை பார்க்கலாம், வீட்டுக்கும் போகலாம். பையன்கள் பைக்குக்காக மற்றதைச் சகித்துக்கொண்டார்கள். பெண்களும் வந்தார்கள். அச்சகத்தில் காகிதம் மடிக்கிற ஒரு பெண், நின்றால் பைக்கின் சீட் உயரம்தான் இருப்பாள், அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் விழுந்தது. முதல் நாள் அவளால் பைக்கை நிமிர்த்திக்கூட நிறுத்த முடியவில்லை. மறுவாரம் கைக்கொரு செங்கலாகத் தூக்கிப் பழகிக்கொண்டு வந்தாள்.

புகை தன் இரண்டாவது கால் தேறியதும் வந்தான். சாலையில் அவனை யாரும் முந்தியதில்லை. அந்தத் திமிரோடு ஏறினான். மண்ணில் சீட்டில் உட்கார்ந்து ஓட்ட முடியாது. மிதியில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். மூன்றாவது சுற்றில் அவன் முன்னங்கை இறுகி, விரல் கிளட்சை விட மறுத்தது. வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கினான். சுண்டெலி அவனை வளைவில் முந்திக்கொண்டு போனாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவன் தடத்தை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, டயர் அடுக்கின்மேல் குனிந்து குமட்டினான்.

"என்னக்கா இது, பைக்குதானே ஓடுது? எனக்கு ஏன் மூச்சு வாங்குது?"

மேடை மேடையாக ஏறி அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்த கேள்வி அது. இதுவரை ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. அவள் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நுரையீரலைப் பற்றியும் ரத்தத்தைப் பற்றியும் அரைமணி நேரம் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு, "சுண்டெலி சிகரெட் பிடிக்க மாட்டாளா?" என்றான். "மாட்டா" என்றாள். "அதானா" என்று எழுந்து போனான்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் சில வருஷங்கள் ஓடினாள். அப்புறம் எப்போது அந்தச் சந்தோஷம் தேய்ந்ததென்று அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். பெரிய டாக்டர் ஒரு விழாவில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கை தட்ட வைத்தார். உட்காரும்போது அவளுக்கு, இன்று சீக்கிரம் விடுவார்களா என்றுதான் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் முழங்கால், ஏழாம் நாள் மண். தூசி பறக்கிறதென்று பக்கத்துத் தெருக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். பையன் இன்னும் வீட்டுக்கு வரவில்லையே என்று அம்மாக்கள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். தடத்துக்குத் தண்ணீர் தெளிக்க வண்டி வரவில்லை என்றால் அவள்தான் அலைய வேண்டும். தூங்கச் சொல்லி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, அவள் படுக்கையில் புரண்டு புரண்டு டயர் எண்ணினாள்.

அவள் கணவர் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். தெருத் தெருவாக நடக்கிற மனிதர். பேச்சு ரொம்பக் கம்மி.

"நீ சாப்ட்டியா?" என்பார்.

"ம், டீ குடிச்சேங்க."

"டீ சாப்பாடு இல்ல."

"போற வழியில ஏதாவது வாங்கிக்கறேன்."

"வாங்க மாட்டே" என்று சொல்லிவிட்டு, அவள் பையில் ஒரு வாழைப்பழத்தை வைப்பார். அது பெரும்பாலும் சாயங்காலம் கறுத்துப்போய் அப்படியே திரும்பி வரும்.

நாலு ஊர்க் கிளப்புகள் சேர்ந்து ஒரு போட்டி வைக்கத் தீர்மானித்தார்கள். இடம், இவர்களுடைய சூளை மைதானம். அந்த வாரம் பார்த்து உடற்பயிற்சி அறையில் அவளோடு வேலை பார்ப்பவர் லீவில் போய்விட்டார். பகலெல்லாம் இரண்டு ஆள் வேலை; விடிவதற்கு முன்னும் வேலை விட்ட பின்னும் மைதானத்தில் கயிறு கட்டுவது, பந்தல்காரரோடு மல்லுக்கட்டுவது. தலை பின்பக்கம் கனத்துக்கொண்டே இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். பிறத்தியார் சொன்னால் உடனே கையைப் பிடித்துப் பார்த்திருப்பாள். தனக்கு என்றபோது வெயில்.

போட்டி நாள் காலையில் தார்ப்பாய் நிழலில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு, பிரஷர் மெஷினோடு உட்கார்ந்தாள். வரிசையாக வந்தார்கள். இளம் கைகள், சூடான கைகள், பயத்தில் ஈரமான கைகள். எல்லாம் சரியாக இருந்தது. புகை வந்து உட்கார்ந்தான். இப்போது அவன்தான் கிளப்பின் முதல் ஓட்டக்காரன். அவன் மணிக்கட்டைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாடி குதிரை மாதிரி ஓடியது. கண் சிவந்திருந்தது.

"தூங்கினியா?"

"தூங்கினேன்க்கா."

"எங்கிட்டயா?"

அவன் தலையைக் குனிந்தான். கூட வேலை செய்பவன் வராததால் அவனுடைய பார்சல்களையும் இவனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். கண் அசராமலிருக்க, டின்னில் விற்கிற ஊக்க பானத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் குடித்திருக்கிறான். இரண்டு நாளாக இதே கதை.

"இன்னிக்கு உனக்குப் பைக் இல்ல."

"அக்கா! ஒரு வருஷமா இதுக்குத்தானே…"

"இல்லடா."

தம்பி ஓடி வந்தான். "அக்கா, இவன விட்டா நமக்கு யாரு இருக்கா? நம்ம மைதானத்துலயே நாமளே தோத்துட்டு நிக்கணுமா? ஒரே ஒரு தடவை கண்ண மூடிக்கோயேன்."

"அடுத்த திங்கக்கிழமை இவன் முட்டிய நீ மடக்கறியா? அப்ப கண்ண மூடிக்கறேன்."

புகை எழுந்து நின்றான். போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை.

"நான் தூங்கலைன்னு சொல்றீங்க. நீங்க தூங்கினீங்களா? விடியறதுக்கு முன்னாடி பார்சல் கொண்டு போறேன், நீங்க இங்க தனியா கயிறு கட்டிக்கிட்டு இருக்கீங்க. சாயங்காலம் போறேன், அப்பவும் நீங்கதான். கைய நீட்டுங்க."

"டேய், வரிசை நிக்குதுடா."

"நிக்கட்டும். நீட்டுங்கக்கா."

சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினாள். அவனே பட்டையைச் சுற்றினான், அவள் சுற்றுகிற அதே விதத்தில், இரண்டு விரல் நுழைகிற இடம் விட்டு. மெஷின் இறுக்கி, விட்டது. எண்களைப் பார்த்த தம்பியின் முகம் மாறியது. மறுகையில் சுற்றிப் பார்த்தார்கள். முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸைக் கூப்பிட்டு அவளுடைய மெஷினிலும் பார்த்தார்கள்.

"அக்கா, இதுக்கு ஓட்டக்கூடாதுன்னு அர்த்தம் இல்ல. எழுந்து நிக்கவே கூடாதுன்னு அர்த்தம்" என்றான் தம்பி. அவன் கேலி செய்யவில்லை.

அவளுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெகுதூரம் தூக்கிவந்த மூட்டையை யாரோ கேட்காமலே இறக்கி வைத்த மாதிரி, தோள் லேசாகிப்போனது. நர்ஸ் உடனே ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் சொன்ன மாத்திரையைக் கொடுத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தான் வந்து பார்ப்பதாகவும், குறையாவிட்டால் நேரே ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவதாகவும் மிரட்டி, தம்பியின் வேனில் பின்சீட்டில் படுக்க வைத்தாள்.

"நீயும் ஏறு" என்று புகையையும் முன்சீட்டில் தள்ளினாள்.

வெளியே என்ஜின்கள் சூடேறின.

"யாரு ஓட்டப் போறா?" என்று அவள் கேட்டாள்.

"சுண்டெலி. என் பைக்க எடுத்துக்கன்னு சொல்லிட்டேன்."

"கால் எட்டுமா அவளுக்கு?"

"நிக்கும்போது எட்டாது. ஓடும்போது எட்ட வேண்டாமேக்கா."

அவள் சிரிக்க நினைத்தாள். அதற்குள் தூங்கிப்போனாள். கொடி விழுந்ததும், பைக்குகள் மேட்டிலிருந்து எழும்பியதும், ஜனங்கள் கூவியதும் அவள் தூக்கத்துக்குள் எங்கோ தூரத்து மழை மாதிரி கேட்டன. நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனது தெரியாது. கணவருக்கு யாரோ தகவல் சொல்ல, அவர் வந்து வேன் வாசலில் நின்றதும் தெரியாது. அவர் எழுப்பவில்லை. தூக்கத்தில் புகையின் தலை கதவில் இடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தன் துண்டைச் சுருட்டி அங்கே வைத்தார்.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. சுண்டெலி கன்னமெல்லாம் மண்ணாக வேன் சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"விழுந்துட்டேன்க்கா! முதல் ரவுண்டுலயே. அப்புறம் எழுந்து ஓட்டினேன். கடைசிக்கு முந்தின எடம்!"

"அடிபட்டுதா?"

"முட்டி மட்டும். உங்ககிட்ட வர அளவுக்கு இல்ல."

கோப்பை வேறு ஊருக்குப் போனது. தம்பிக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம் இருந்தது.

மறுநாள் பெரிய டாக்டர் வழக்கமான நோயாளியைத் திட்டுவது போலவே அவளைத் திட்டினார். மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், கட்டாய லீவு கொடுத்தார். அவள் வீட்டில் இருந்தாள். தூங்கினாள், எழுந்து சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். சுவரில் இத்தனை விரிசல் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

அவள் இல்லாத முதல் ஞாயிறு, தம்பி ஓட்டத்தையும் உட்கார்ந்து எழுவதையும் தள்ளுபடி செய்து நேராகப் பைக்கைக் கொடுத்துவிட்டானாம். பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டு பேர் முந்தின நாள் குடித்த வாடையோடு வந்து ஓட்டி, ஒருவன் விரலை ஒடித்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு சுண்டெலிக்கும் தம்பிக்கும் வாய்த்தகராறு. அதற்கடுத்த வாரம் புகை பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டான். சுண்டெலி எல்லோரையும் ஓட விட்டாள்.

லீவு முடிந்து அவள் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தாள். எல்லாம் ஏதோ ஒரு மாதிரி நடந்துகொண்டிருந்தது. அவள் செய்த அளவுக்கு ஒழுங்காக இல்லை. டயர்கள் கோணலாக அடுக்கியிருந்தன. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கக்கா" என்றார்கள். அது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. நிம்மதியாகவும் இருந்தது. எது அதிகம் என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

"சிகரெட்ட விட்டுட்டியாடா?" என்று புகையைக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. டீயோட."

"உண்மையா?"

"ரெண்டு."

புதிதாகச் சேர்ந்திருந்த பையன்களுக்கு அவனை ஏன் புகை என்கிறார்கள் என்பது தெரியவில்லை. அவன் பைக் கிளப்புகிற தூசியால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் திருத்தவில்லை, அவளும் திருத்தவில்லை.

அதற்கப்புறம் அவள் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் போனாள். அதுவும் மனமிருந்தால். மற்ற ஞாயிறுகளில் டாக்டர் சொன்னபடி காலையில் நடக்கப் போனாள். கணவரும் கூட வந்தார். வேலைக்கு நடக்கிற வேகத்திலேயே அவர் முன்னால் போய்விடுவார். நின்று திரும்பிப் பார்ப்பார். நிற்கிற இடத்திலெல்லாம் பழக்கதோஷத்தில் அவர் கண் பக்கத்து வீட்டுச் சுவரில் மீட்டரைத் தேடும்.

"இன்னிக்கு லீவுங்க. கொஞ்சம் மெதுவா நடங்களேன்."

"மெதுவாத்தான் நடக்கறேன்."

"யாரு வீட்டு யூனிட்ட பாத்துக்கிட்டு?"

"சும்மா பாத்தேன். இந்த வீட்ல ரொம்ப ஏறியிருக்கு" என்றார்.

ஒரு நாள் கடைத்தெரு முனையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. திறக்காத ஒரு கடையின் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பைக்குகளை ஏற்றிக்கொண்டு தம்பியின் வேன் அந்த வழியாகப் போனது. பின்னால் நின்றிருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கத்தினார்கள். ஹாரன் அடித்தான் தம்பி. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். வேன் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"போலாமா?" என்றார் அவர்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, காலை நீட்டிக்கொண்டாள்.